பச்சை மூடி டப்பா

"இன்னும் ரெண்டு அட்டை குடுங்கண்ணே, சீக்கிரம்."

பேருந்துப் பணிமனைக்கு எதிரே இருந்த மருந்துக்கடையில், மழைக்கு ஒதுங்கியவர்களை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள் தையற்காரி. தோளில் பை. பைக்குள், பேருந்து ஓட்டும் கணவனிடமிருந்து பணிமனை வாசலில் சற்றுமுன் வாங்கிய சாப்பாட்டு டப்பா. "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டதற்கு, அவன் டயரைப் பார்த்துக்கொண்டே "பிரமாதம்" என்று சொல்லியிருந்தான்.

கடைக்காரர் அவள் நீட்டிய காலி அட்டையை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"வைட்டமின் ஏ. ஏம்மா, டாக்டர் வாரத்துக்கு ஒண்ணுன்னுதானே எழுதியிருந்தார்? அதுக்குள்ள எப்படித் தீர்ந்தது?"

"தீர்ந்துடுச்சு."

"எலி தின்னுச்சா?"

"தினம் ரெண்டு குடுக்கறேன்." அவள் குரல் தாழ்ந்தது. "அடுத்த தெருக் கடையிலயும் வாங்கினேன்."

கடைக்காரர் அட்டையைக் கீழே வைத்துவிட்டார். அவர் கை அலமாரிப் பக்கம் போகவில்லை என்பதைக் கண்டதும், அவள் மடமடவென்று பேசத் தொடங்கினாள்.

"திங்கக்கிழமை அவருக்குக் கண் பரிசோதனைண்ணே. பொழுது சாய்ஞ்சா எதிர்ல வர்ற ஆள் தெரியல. நேத்து வாசப்படியில படுத்திருந்த பூனையை மிதிச்சிட்டு, யாரோ ஆளுன்னு நினைச்சு அதுகிட்ட மன்னிப்பு வேற கேட்டார். இந்தத் தடவையும் தேறலேன்னா ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டாங்க. வண்டி கழுவத்தான் அனுப்புவாங்க. அதைத் தாங்கற மனுஷனா அவர்?"

"அதுக்காக அள்ளிப் போடறதா? அவரும் வாங்கி முழுங்கறாரா?"

"அவருக்கெங்க தெரியும்? மாத்திரைன்னாலே தொண்டையை அடைக்குதும்பார். ஊசியால ஒரு குத்து குத்தி, உள்ள இருக்கற எண்ணெயைக் கேரட்ல பிழிஞ்சு கலந்துடுவேன். பூசணிக்காய், கீரை, முட்டையும் உண்டு. நாள் விட்டு நாள் ஈரல். ராத்திரி ரொட்டியைக் கடிச்சிட்டுப் படுத்துடற ஆள். மதியச் சாப்பாடு ஒண்ணுதான் எனக்கு வழி."

ஊசியைப் பற்றிச் சொன்னபோது அவள் முகத்தில் கொஞ்சம் தொழில் பெருமை தெரிந்தது.

"அண்ணே, தலைவலி மாத்திரை ஒண்ணு. உதட்டுக்குத் தடவ ஏதாவது குடுங்க." மழைக்கோட்டும் கம்பளிக் குல்லாவுமாக ஓர் இளைஞன் இடையில் புகுந்தான். உதடுகள் வெடித்திருந்தன.

"என்ன மாப்பிள்ளை, நேத்தும் தலைவலி, இன்னிக்கும் தலைவலியா? கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கே. அதுக்கப்புறம் வர்ற தலைவலியை முன்கூட்டியே வாங்கிட்டியா?"

ஒதுங்கி நின்றவர்கள் சிரித்தார்கள். இளைஞன் மாத்திரையை வாங்கிக்கொண்டு, தண்ணீர்ப் பானை இருந்த மூலைக்குப் போனான். கடைக்காரர் மறுபடி தையற்காரியிடம் திரும்பினார்.

"இது சிறுநீர்ல வெளியேறிப் போற சரக்கு இல்லம்மா. மிஞ்சினது அப்படியே ஈரல்ல தங்கிடும். கேரட், பூசணி அதிகமாத் தின்னா உள்ளங்கை மஞ்சளாகும், அவ்வளவுதான். குறைச்சா சரியாயிடும். மாத்திரை அப்படி விடாது, ஆளையே சாய்ச்சிடும். ஆத்துல போட்டாலும் அளந்து போடணும், நீ மனுஷன் வயித்துல போடறே. சொல்லு, அவருக்குத் தலை வலிக்குதா?"

"என்னைத் தவிர வேற தலைவலி கிடையாதுங்கறார்."

"தோல் காய்ஞ்சு உரியுதா?"

"எண்ணெய் வடியுது."

"முடி கொட்டுதா?"

"இருந்ததே நாலு முடி. நாலும் இருக்கு."

"உள்ளங்கை?"

"கறுப்பு. கிரீஸ்."

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இத்தனை வருட வியாபாரத்தில் இப்படி ஓர் உடம்பை அவர் கேள்விப்பட்டதில்லை.

"ஒண்ணு, அவருக்குக் கல்லைத் தின்னாலும் செரிக்கிற உடம்பு. இல்லேன்னா, நீ குடுக்கறதை அவர் சாப்பிடறதே இல்ல."

தையற்காரிக்குச் சுருக்கென்றது. கண்ணைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். சமையலைப் பற்றிச் சொல்லலாமா? பைக்குள் கையை விட்டு, பச்சை மூடி போட்ட டப்பாவை எடுத்து மேசைமேல் ணங்கென்று வைத்தாள்.

"பாருங்க. ஒரு பருக்கை மிச்சமிருக்கா? அதுவும் பளபளன்னு கழுவிக் கொண்டு வர்றார். கல்யாணமான நாள்லேருந்து வீட்ல ஒரு தம்ளரைக் கழுவினவர் இல்ல இந்த மனுஷன். ருசிக்காமலா இதைச் செய்வார்?"

கடைக்காரர் டப்பாவைத் திறந்து பார்த்து மூடினார். பெருமூச்சு விட்டபடி, மனமில்லாமல் அலமாரிப் பக்கம் கையை நீட்டினார்.

தண்ணீர் குடித்துவிட்டு வந்த இளைஞன் குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். கையோடு ஒரு கொத்து முடி வந்தது. அதை உதறிவிட்டு, மேசைமேல் இருந்த டப்பாவைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. விலகிய மழைக்கோட்டுக்குள் நடத்துனரின் பயணச்சீட்டுப் பை தொங்கியது. டப்பாவைத் தொட நீண்ட உள்ளங்கை, பழுத்த பப்பாளித் துண்டு போல மஞ்சளாக இருந்தது.

"அட, எங்க டிரைவர் அண்ணன் டப்பா! நீங்கதான் அண்ணியா? 'கல்யாண மாப்பிள்ளை, நல்லா சாப்பிடுடா'ன்னு தினமும் இதை எங்கிட்டக் குடுத்துட்டு, அவர் என்னோட பன்னை எடுத்துக்குவார். உங்க கைக்குத் தங்க வளையல் போடணும் அண்ணி, அதான் ஒரு பருக்கைகூட விடாம தின்னு, நானே கழுவிக் குடுத்துடறேன்!"