விரித்து வைத்த கட்டில்கள்

ஒசாகாவில், எங்கள் மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ் ஒன்று இன்ஜினை அணைக்காமல் நிற்கிறது. அதன் சிவப்பு விளக்கு சுற்றச் சுற்ற, படியில் நிற்கும் என் வெள்ளை உடுப்பு சிவந்து சிவந்து வெளுக்கிறது. உள்ளே கிடக்கும் குராமோச்சி மூச்சை இழுக்கும் சத்தம் இன்ஜினையும் மீறிக் கேட்கிறது. அவர் மனைவி ஃபுசாயே கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டுகிறாள். "பாருங்க நர்சம்மா, நியூஸ்லயே போட்டிருக்கான். நூத்துக்கு நாப்பது பெட் காலியாம்!" அவள் விரல் என் தோளுக்குப் பின்னால் கொரோனா வார்டு ஜன்னலைக் காட்டுகிறது. "அதோ தெரியுதே! விரிப்புகூடக் கசங்கல." தெரியத்தான் செய்கிறது. மாலை வெயில் மட்டும் அந்தக் கட்டில்களில் வரிசையாகப் படுத்திருக்கிறது. "கட்டில் இருக்கும்மா. பக்கத்துல நிக்கத்தான் ஆளில்ல. எங்கள்லயே பாதிப் பேர் காய்ச்சல்ல கிடக்கிறாங்க. அந்தக் கணக்குல கட்டில மட்டுந்தான் எண்ணுறாங்க." "அப்ப நான் நிக்கிறேன். என்ன செய்யணும்னு சொல்லிக் குடுங்க." நீட்டிய அவள் கைபேசியை மெல்லத் தாழ்த்துகிறேன். ஆம்புலன்ஸ்காரர் ஹமசாகி அடுத்த மருத்துவமனையோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறார். எங்கள் ஊரில் போனுக்கும் குனிந்துதான் பேசுவோம். இடம் கேட்கும்போது அவர் லேசாகக் குனிவார்; இல்லையென்று சொல்லிவிட்டால், நன்றி சொல்லி இடுப்புவரை மடிவார். மதியத்திலிருந்து பார்த்துப் பார்த்து ஃபுசாயேவுக்கும் அது பிடிபட்டுவிட்டது. பேச்சை நிறுத்திவிட்டு அவர் முதுகையே பார்க்கிறாள். நானும் பார்க்கிறேன். முதுகு லேசாகக் குனிகிறது. அப்படியே நிற்கிறது. பிறகு மெல்ல, மெல்ல, மடியத் தொடங்குகிறது.