பத்திலிருந்து கீழே

ராக்கெட் கம்பெனியின் காலாண்டு முடிவுகளைத் திரையில் காட்டுமுன், ஏவுதளத்தில் எண்ணுவதுபோல் அரங்கமே பத்திலிருந்து கீழே எண்ணத் தொடங்கியது. மேடையோரம் நின்ற டெக்னீஷியன் ஜெனிட்டா காதுகளைப் பொத்திக்கொண்டாள். போன மாதச் சோதனையில் 'மூன்று' என்ற நொடியில்தான் எஞ்சின் வெடித்துச் சிதறியது. பறந்துவந்த தகடு, அவளருகே நின்ற அந்தோணியின் கழுத்தைச் சீவிக்கொண்டு போனது. "நாலு... மூணு..." அவள் மேடையில் பாய்ந்து, திரையருகே நின்ற முதலாளியின் பிடரியைப் பிடித்துத் தரையில் அறைந்தாள். மூக்கு உடைந்து ரத்தம் பீறிட்டது. மேடை தெரியாத பின்வரிசைகள் எண்ணி முடித்தன. வருமானம் இருமடங்கு என்று திரை ஒளிர, கைதட்டல் கூரையை அதிரவைத்தது. திமிறியவர்மேல் கவிழ்ந்து படுத்து, அவர் முகத்தை இன்னும் அழுத்தினாள். "அந்தோணி அண்ணே, தலையத் தூக்காதீய! வெடி இன்னும் ஓயல."