குங்குமம் ஒட்டாத பொனட்

சந்தனத்தை ஒரு விரல் உயரத்துக்குக் குழைத்து இஞ்சினின் உச்சியில் வைத்தேன். அதன் தலையில் குங்குமம்.

"அக்கா, கார் இன்னும் ஓடவே இல்ல, அதுக்குள்ள பூஜையா?" என்றார் டெஸ்மண்ட். பல் டாக்டர், காரின் சொந்தக்காரர். வாய் சிரித்ததே தவிர முகத்தில் ஈயாடவில்லை.

பூஜை இல்லை, அளவு. பொனட்டை மூடித் திறந்தால் குங்குமம் எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கே இடிக்கிறது என்று அர்த்தம்.

போன வாரம் வெட்ட வேண்டிய இடத்தையும் இப்படித்தான் கண்டுபிடித்தேன். வெட்டிய ஓட்டையின் மேல் நானே வார்த்த மூக்கை ஒட்டியாயிற்று. காற்று புகுவதற்காகப் பொனட்டின் மேல் எழுப்புகிற மூக்கு. கார்ப் பைத்தியங்கள் ஸ்கூப் என்பார்கள். இன்று அதன் உட்பக்கத்தில் ஒரு பொட்டுச் சிவப்பும் ஒட்டக் கூடாது.

ஒரு விரல் சந்தனம் எதற்கு? ஆக்சிலேட்டரை மிதித்தால் இஞ்சின் துள்ளும். அந்தத் துள்ளலுக்கும் இடம் வேண்டுமே.

கார் முப்பது வருடப் பழசு. உடம்பு முழுக்க ஃபைபர். செய்த கம்பெனியே இப்போது இல்லை, இன்னொரு பொனட் எங்கே தேடினாலும் கிடைக்காது. டெஸ்மண்ட் ஆசைப்பட்டுப் பெரிய இஞ்சின் போட்டார். பொனட் மூட மாட்டேன் என்றது.

ஜெலுத்தோங்கில் இருக்கும் இந்தப் பட்டறை மோகனராஜுடையது. தகர வேலையில் கெட்டிக்காரர், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஃபைபரும் தகரமும் ஒன்றென்று நினைத்து, தகரத்தில் மூக்கு செய்து ரிவெட் அடித்து ஏற்றினார். நாலாம் நாள் ஒவ்வொரு ரிவெட்டைச் சுற்றியும் சிலந்தி வலை மாதிரி வெடிப்பு.

நான் பத்து மாவுங் என்கிற கடலோர ஊரில் பதினோரு வருடம் ஃபைபர் படகு செய்தவள். அந்தப் பட்டறையை மூடிவிட்டார்கள். மோகனராஜிடம் இங்கே இடம் கேட்டேன். மூலையில் இல்லை, முன்பக்கம் பாதி. என் பெயரில் போர்டு.

எல்லார் முன்னாலும் வைத்துத்தான் சொன்னார்.

"படகுக்குப் பூசுற கை காருக்கு வந்தா எப்படிலா, நவமணி? அந்த பொனட் ஒழுங்கா மூடுச்சுன்னா முன்பக்கம் ஒனக்கு. என் மீசையையும் எடுத்துடுறேன். மூடலன்னா பேசாம ஃபேக்டரி வேலைக்குப் போ."

அது லேசுப்பட்ட மீசை இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் சின்னக் கத்தரிக்கோலால் ஒதுக்கி, கறுப்புச் சாயம் தொட்டு, அதற்கென்று வைத்திருக்கும் தனிச் சீப்பால் வாரிவிட வேண்டும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பத்தெட்டு வயதில் என்னை ஃபேக்டரி வாசலில் போய் நில் என்கிறாரே.

ஃபைபர் தூசி அரிக்கும் என்று கையிரண்டிலும் பவுடரை அப்பிக்கொண்டு, வெடித்த இடமெல்லாம் போகும்படி வெட்ட ஆரம்பித்தேன். மூலைகளைக் கூராக விடாமல் வளைத்தேன். கூர் இருந்தால் வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். சுற்றிலும் பெயிண்டைச் சுரண்டி நார் தெரியும்வரை தேய்த்தேன். அடியிலிருந்து மூன்று அடுக்கு நார்ப்பாய், பசை. ஒரு ரிவெட் கிடையாது.

இப்போது பொனட்டின் ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனையைப் பெயிண்ட் அடிக்கும் ஸுல்கிஃப்லி பிடித்தார்.

அவர் பிஸ்மில்லா என்றார். நான் முருகா என்றேன். டெஸ்மண்ட் சிலுவை போட்டுக்கொண்டார். மோகனராஜ் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இறக்கினோம்.

டக்.

பூட்டு விழுந்த சத்தம்.

டெஸ்மண்டை உள்ளே உட்காரச் சொன்னேன். ஸ்டார்ட் செய்து மிதித்தார். இன்னும் மிதியுங்கள் என்று கையைக் காட்டினேன். பட்டறைக் கதவு அதிர்ந்தது. எதிர்க்கடையில் மீ கோரேங் தின்றுகொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். பொனட் அசையவில்லை.

அணைத்துத் திறந்தோம். டார்ச்சை நானே வாங்கி அடித்தேன்.

சந்தனம் கொஞ்சம் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். குங்குமம் அதன் தலையிலேயே இருந்தது. மூக்கின் உட்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

சொல்ல என்ன வெட்கம், எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதேன். ஸுல்கிஃப்லி தகர டப்பாவைத் தட்டித் தாளம் போட்டார்.

மோகனராஜ் கட்டியிருந்த கையை அவிழ்த்துக்கொண்டு வந்தார். ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினார். மேடு தட்டுகிறதா என்று பார்க்கிறார். தட்டவில்லை. மறுபடி ஒரு சுற்று. அப்புறம் அதே விரலால் தன் மீசையை ஒரு தரம் நீவிக்கொண்டு, முன்பக்கத்துச் சாமான்களைப் பின்னால் நகர்த்த ஆரம்பித்தார்.

சாயங்காலம் வீட்டில் விளக்கேற்றிவிட்டுத் திரும்புகிறேன். பாத்ரூம் வாசலில் நாற்காலி போட்டு, தோளில் துண்டோடு உட்கார்ந்திருக்கிறார் மனுஷன்.

"நீயே எடுத்துடு," என்று ரேசரை நீட்டினார்.

கல்யாணமாகி இருபத்து நான்கு வருடம். ஒரு நாள்கூட அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. 'என்னங்க'தான். கிளினிக்கில் புருஷன் பெயரைக் கேட்டால்கூட அவருடைய ஐ.சி. அடையாள அட்டையை எடுத்து நீட்டுவேன்.

மீசை மறையும்வரை நுரையைப் பூசினேன். மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.

"மோகனராஜ், ஆடாம உக்காருங்க."

ஆடவில்லை.