மேட்டு மண்டபம்

செங்கோடன் வேர்வையில் நனைந்த சட்டையோடு கலெக்டர் ஆபீசுக்குள் நுழைந்து, காலநிலை நிபுணர் அபிநயாவின் மேசைமுன் போய் நின்றார்.

"ஏஞ்சாமி, எங்க கல்யாண மண்டபத்தை ஏரிக்கரைச் சனத்துக்குக் குடுக்கச் சொன்னது நீதானா? உடிஞ்சா எம்பையனுக்கு முகூர்த்தம்!"

"நாந்தானுங்க. கொல்லிமலையில பேய்மழை பெய்யப் போவுதுங்க. அந்தத் தண்ணியை ஏரிக்கரை தாங்காது. பக்கத்துல மேடான இடம் அந்த மண்டபம் ஒண்ணுதானுங்க."

"மழை வராமப் போயிட்டா? ஊரே சிரிக்குமே!"

"வராட்டி எம்பேரு கெடுமுங்க. வந்துட்டா சனத்தோட உசுரு போயிருமுங்க."

செங்கோடன் நேரே மண்டபத்துக்குப் போய், தானே கதவுகளைத் திறந்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் ஏரிக்கரைச் சனம் குழந்தை குட்டிகளோடு வந்து சேர்ந்தது. கல்யாணச் சமையல்காரர்கள் அத்தனை பேருக்கும் இலை போட்டார்கள்.

விடியும் முன்பே ஏரி உடைந்தது. ஏரிக்கரைத் தெருவில் கூரை உயரத்துக்குத் தண்ணீர். ஆனால் வீடுகளில் ஓர் ஆள்கூட இல்லை.

"முகூர்த்த நேரம் நெருங்குது, பொண்ணை இன்னுங் காணோமே!" என்று பதறினாள் செங்கோடனின் மனைவி அத்தாயி.

அப்போது வாசலில் ஜீப் வந்து நின்றது. நடக்க முடியாத ஒரு கிழவரைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு, சேறு அப்பிய சேலையோடு வந்தாள் அபிநயா.

"எல்லாரும் வந்துட்டாங்களா மாமா?"

செங்கோடனுக்குக் கண் கலங்கியது.

"வந்துட்டாங்க சாமி. இனி நீ ஒருத்திதான் மணவறைக்கு வரோணும்."