இலவசமாக சயாம்

கோலா சாவா ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில், கொட்டுகிற மழையில் ஜப்பான்காரர்களின் லாரி நின்றது.

“டிக்கெட் இலவசம், சாப்பாடு இலவசம். ரயில் பாதையில கொஞ்சம் வேலை, மிச்ச நேரம் சயாமைச் சுத்திப் பாக்கலாம்லா!” என்றார் தோட்டத்துக் கணக்கரான கிராணி.

சிலர் ஏறினார்கள். மயிலம்மாள் நகரவில்லை.

“உன் புருஷன் முருகையா அங்க சௌக்கியமா இருக்கான். உன்னையும் வரச் சொன்னான்,” என்றார் கிராணி அவளிடம்.

“நான் வரமாட்டேன். யாரும் போகாதீங்க!”

கிராணி அவளை அறைந்தார். உதட்டு ரத்தத்தைத் துப்பிவிட்டு, இன்னும் உரக்கக் கத்தினாள். ஏறியவர்களும் குதித்து ரப்பர் காட்டுக்குள் ஓடினார்கள். லாரி காலியாகத் திரும்பியது.

மயிலம்மாள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சயாமிலிருந்து தப்பி, எலும்பும் தோலுமாக வந்து ஒளிந்திருந்த முருகையாவிடம் கேட்டாள்:

“ஏங்க, என்னையும் அங்க வரச் சொன்னீங்களாமே?”