சாவி இல்லாமல் திறப்பது

“இத்தனை மாசமா பிளாக் எழுதறியே, அதைப் படிச்சிட்டு எத்தனை பேர் பூட்டு வாங்கினாங்க?” பூட்டுக் கம்பெனி முதலாளி மாசிலாமணி கேட்டார். பதில் சரியில்லையென்றால் பர்வீனுக்கு இன்றோடு வேலை போய்விடும்.

“யாரும் வாங்கலை சார். ஆனா, ‘சாவி இல்லாமல் பூட்டைத் திறக்க முடியுமா?’ங்கிற கட்டுரையை ஒருத்தர் தினமும் கடைசி வரி வரைக்கும் படிக்கிறார். நம்ம ஆபீஸ் வைஃபைல இருந்து.”

“உன் கட்டுரையைப் படிக்க இங்கே உன்னை விட்டா யாரும்மா இருக்கா? நீயேதானே எண்ணிக்கையை ஏத்தறே?”

பர்வீன் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பிவிட்டு, இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தாள். அந்தக் கட்டுரையை ஆபீஸ் வைஃபையில் ‘இப்போது படிப்பவர்கள்’ என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பூஜ்யம் ஒன்றானது.

மாசிலாமணி மெல்லத் திரும்பினார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே எல்லோரும் கம்ப்யூட்டரில் தலை கவிழ்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்படியொரு சுறுசுறுப்பை அவர் இதுவரை பார்த்ததில்லை.

“கட்டுரையை எடுத்துடவா சார்?”

“எடுக்காதே, ஆள் மாட்டட்டும்.” குரலைத் தாழ்த்தினார். “இன்னொண்ணு எழுது. இந்த ரூம் பீரோவுல போட்டிருக்கிற பூட்டைப் பத்தி.”