சும்மா நின்ற ஃபேன்

கீபோர்டு தன் புது ஆல்பத்தை மைக்கின் முன்னால் வாசித்துப் பதிவு செய்துகொண்டிருந்தது. ஒரே ஒரு பாட்டுதான் பாக்கி. அதற்குள் அதற்குத் தலைகால் புரியவில்லை.

"டிரம்ஸ் நான், புல்லாங்குழல் நான், கோரஸ்கூட நானேதான். அட்டையில என் பேரு மட்டும்தான் வரணும்," என்றது மைக்கிடம்.

மேலே தொங்கிய பழைய ஃபேன் தயங்கிக் கேட்டது: "அண்ணே, இத்தனை பாட்டுக்கும் சுத்தாம, மூச்சு விடாம நின்னேனே. ஒரு மூலையில என் பேரையும் போடக் கூடாதா?"

"சும்மா நின்னதுக்கெல்லாம் பேரா?" கீபோர்டுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அதுவும் சரிதான். அப்ப இனிமே சும்மா நிக்கல," என்று ஃபேன் கடகடவென்று சுற்ற ஆரம்பித்தது.

கீபோர்டு வீம்புக்குக் கடைசிப் பாட்டை வாசித்து முடித்தது. "எப்படி வந்திருக்கு?"

மைக் தொண்டையைச் செருமியது. "ரெண்டு பேரும் நல்லா வாசிச்சிருக்கீங்க. அட்டையில யார் பேரை முதல்ல போடட்டும்?"